கப்பலில் பழகியது

எங்கள் குழுவில் கொட்டு வாசிப்பவருக்குக் கப்பல் என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். தொழில் சோபா தைப்பது, ஆனால் வாயைத் திறந்தால் கப்பல்தான் வெளியே வரும். சின்ன வயதில் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனாராம். எங்கோ ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றுவிட, மூட்டை தூக்குகிற கிழவர் ஒருவர் மரப்பெட்டியில் தட்டித் தட்டி இவருக்கு அந்த ஊர்த் தாளத்தைச் சொல்லிக்கொடுத்தாராம். லத்தீன் ஜாஸ் வாசிக்கிற குழுவுக்கு இதைவிடப் பெரிய பூர்வீகம் என்ன வேண்டும்? எங்களில் வேறு யாருக்கும் அப்படியொரு கதை கிடையாது என்பதால், கப்பலின் கதையை நாலு பேருக்கும் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டோம்.

மற்றவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பியானோ வாசிப்பவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லித்தருகிறவர். குழந்தையாக இருந்தபோது முதுகில் ஸ்கேலை வைத்துக் கட்டிப் பியானோ முன்னால் உட்கார வைத்தார்களாம். இன்றைக்கும் டீ குடிப்பதுகூட நிமிர்ந்த முதுகோடுதான். குழுவுக்குத் தலைமையும் அவரே. ட்ரம்பெட் ஊதுகிறவர் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரைப் போலீஸ் என்றே கூப்பிடுவோம். வாழ்நாள் முழுக்க நடந்துகொண்டே ஊதியவர். இப்போது உட்கார்ந்து ஊதினாலும் அவர் கால் மட்டும் அணிவகுப்பில் போய்க்கொண்டிருக்கும். நான் பேஸ் கிட்டார். பிரார்த்தனைக் கூடத்தில் பின் வரிசையில் நின்று பழகியது. வாசிக்கிறபோது யாருக்கும் கேட்காது, நிறுத்தினால் மட்டும் என்னவோ குறைகிறதே என்பார்கள். பிழைப்புக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். நான் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

ஒத்திகை கப்பலின் பட்டறையில் நடக்கும். பாதி முடித்த சோபாக்கள், ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் நாற்காலிகள், சுவரோரம் அடுக்கிய ஸ்பாஞ்சு. எவ்வளவு சத்தம் போட்டாலும் ஸ்பாஞ்சு குடித்துவிடும், அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வர மாட்டார்கள். கப்பல் வாயில் ஆணிகளைக் கவ்வியபடியே கடைசிச் சோபாவை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கொட்டுகளையும் சிம்பல் தட்டையும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். எங்கள் சங்கீதத்தில் எல்லாரும் ஒரே குச்சித் தாளத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு. அது காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் எல்லாரும் சட்டென்று நிறுத்தி ஒரு மௌனம் விடுவோம். அந்த மௌனத்தில் இருந்து வெளியே வருகிற முதல் அடி கப்பலுடையது.

அந்த அடியை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. காரணம், அவர் காதால் வாசிக்கிறவர் இல்லை, கண்ணால் வாசிக்கிறவர். டீச்சரின் தோள் இறங்குவதைப் பார்ப்பார், போலீஸின் கன்னம் உப்புவதைப் பார்ப்பார், அடி அங்கே போய் உட்காரும். ஒருநாள் பியானோ மேல் இருந்த டீச்சரின் தண்ணீர் பாட்டில் நழுவியது. அது தரையைத் தொட்ட அதே நொடியில் கொட்டும் சிம்பலும் சேர்ந்து 'டும்-ஷ்ஷ்' என்றன. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கப்பல் மட்டும் தன் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே கத்துக்கிட்டீங்க இந்த வித்தையை?" என்றேன்.

"கப்பல்ல பழகினது," என்றார். "அலை அடிச்சா சாமானெல்லாம் உருளும். பொழுது போகாம அதுக்கெல்லாம் அடிப்போம்."

நம்பினோம்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கப்பல் என் கதவைத் தட்டினார். அவர் வீடு எனக்கு நேர் மேலே.

"தம்பி, ஒரு கை குடுக்கணும். ஒரு சாமான் மேல ஏத்தணும்."

கீழே வண்டியில் பிளாஸ்டிக் தாள் சுற்றி நின்றது ஒரு சோபா. விரித்தால் கட்டிலாகும். மரம் கனத்தது. புதுத்துணி, உள்ளே விலை கூடின ஸ்பாஞ்சு. ஓரத் தையல் அவ்வளவு நெருக்கமாக இருந்ததைப் பார்த்ததுமே, இது கடைக்குச் செய்த சாமான் இல்லை என்று தெரிந்தது. அதை மூன்று மாடி ஏற்றுவதற்குள் எனக்கு முழி பிதுங்கிவிட்டது. திருப்பத்துக்குத் திருப்பம் செங்குத்தாக நிமிர்த்தித் திருப்ப வேண்டியிருந்தது.

மேலே படிக்கட்டின் உச்சியில் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒல்லி, தலையில் துணித்தொப்பி, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் சாய்ங்க. இன்னும். போதும். தம்பி, கால்! கால்!"

அவர் கத்தியிருக்காவிட்டால் அந்த ஈரப்படியில் நான் காலை வைத்திருப்பேன், சோபாவும் நானும் ஒன்றாகக் கீழே போயிருப்போம்.

"விழறது தப்பில்லை தம்பி," என்றார் பெரியவர். "சாமானைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விழக்கூடாது. விழறவனுக்குக் கை காலியா இருக்கணும்."

"யாருண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

கப்பல் சோபாவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, முகம் தெரியாமல் பதில் சொன்னார். "வீட்டுக்காரியோட பெரியப்பா. கொஞ்ச நாள் இருப்பாரு."

பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்டது. "ஆமா தம்பி, பெரியப்பா," என்று தலையாட்டினார்.

சோபாவை முன்னறையில் போட்டு விரித்ததும் அவரை அதில் உட்கார வைத்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை குதித்துப் பார்த்து, "ராஜ வாழ்க்கை," என்றார். கப்பலுக்கு முகம் மலர்ந்தது, உடனே எதையோ மறந்துவிட்டவர் போல வண்டியைத் திருப்பி விடக் கீழே இறங்கிப் போனார். கப்பலின் மனைவி, எங்களுக்கு அண்ணி, என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு டீயும் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்தார். அவர்தான் பட்டறைக்கு உறை தைத்துக் கொடுப்பவர். சமையலறை மேஜையில் பாதி இடம் தையல் மிஷினுக்கு, மீதிப் பாதிதான் சாப்பாட்டுக்கு.

"பெரியப்பாவாம்," என்றார் அண்ணி, மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே. "எங்கப்பாவுக்கு அண்ணனே கிடையாது."

நான் முட்டையைத் தட்டிலேயே வைத்தேன்.

"பின்னே யாரு?"

"மாமனாரு. இவரைப் பெத்தவரு."

"அவர் கப்பல் தச்சரு, கடல்ல போயிட்டாருன்னு அண்ணன் சொல்லுவாரே?"

"கடலா? அவர் கடலைப் பாத்திருக்காரோ என்னவோ. சர்க்கஸ்ல பபூன் தம்பி. கோமாளி வேஷம். ஊர் ஊரா கூடாரம் போட்டுச் சுத்தினவங்க. இவரும் கப்பல்ல ஏறினதே இல்லை. ஒரு தடவை ஏரியில படகு சவாரி போனோம், கரையை விட்டு நகர்றதுக்குள்ள வாந்தி."

"அப்போ இந்தக் கொட்டெல்லாம்?"

"பபூன் விழும்போது பக்கத்துல ஒரு பையன் உக்காந்து கொட்டு அடிப்பான் பாத்திருக்கியா? அதான் இவரு. பல்லு விழுந்து முளைக்கிற வயசுல இருந்து. மாமா விழுவாரு, இவர் அடிப்பாரு, ஜனம் சிரிக்கும். அதான் வேலை. எந்த ஊர்ல பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், நேத்து ராத்திரி ஷோ பாத்த பசங்க அங்க இருக்கும். இவர் நடந்தா டும்-ஷ்ஷ், உக்காந்தா டும்-ஷ்ஷ். கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை சொல்லி அழுதாரு. 'எங்கப்பா விழுந்ததும் ஜனம் உடனே சிரிக்காது. நான் அடிச்சப்புறம்தான் சிரிக்கும். சிரிங்கன்னு நான்தான் சொன்னேன்'னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை."

"லத்தீன் தாளம்?"

"பழைய முதலாளி பட்டறையில அந்த ரெக்கார்டெல்லாம் ஓடும். ஆணி அடிக்கிறப்போ கூடவே தட்டிப் பழகினது. சோபா வேலையும் அங்கதான், தாளமும் அங்கதான். நீங்க கேட்டப்போ சொல்ல வெக்கம். கப்பல்னு ஒண்ணை விட்டாரு, அது பெருசாகிட்டே போயிடுச்சு."

"பெரியவர் ஒத்துக்கிட்டாரா இதுக்கு?"

அண்ணி மிஷினை நிறுத்தினார். "நாத்தனார் வீட்டுல இடம் நெருக்கடி, அதான் இங்க வந்தாரு. வந்த அன்னைக்கே இவர் சொல்லிட்டாரு, உங்க குழுவுல யாராவது கேட்டா இப்படிச் சொல்லணும்னு. மாமா என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் போடாத வேஷமாம்மா? பெரியப்பா வேஷம்தானே, அவனுக்கு எது சௌகரியமோ அப்படியே இருக்கட்டும்'. எனக்கு வயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. நீ ஒண்ணும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

நான் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தெரிந்தபிறகு கண் சும்மா இருக்குமா? கப்பல் அந்தப் பெரியவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "சாப்பிட்டாச்சா?" என்பார். "மாத்திரை போட்டாச்சா?" என்பார். "இன்னும் படுக்கலையா?" என்பார். எல்லாக் கேள்வியும் சுவரைப் பார்த்துத்தான். கடையில் நல்ல ரொட்டி கிடைத்தால் வாங்கி வருவார், கால்வலிக்கு எண்ணெய் வாங்கி வருவார், அதையெல்லாம் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். ஒரு மனிதரைக் கூப்பிடாமலே அவரோடு குடித்தனம் நடத்தலாம் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

இந்த நேரம் பார்த்து எங்களுக்கு நகர மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கச்சேரி அமைந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

"வெறுமனே வாசிச்சுட்டு இறங்கினா யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க," என்றார் ஒத்திகையில். "ஒவ்வொருத்தரும் எழுந்து நின்னு, எங்க இருந்து வந்தோம், எப்படிக் கத்துக்கிட்டோம்னு நாலு வார்த்தை சொல்லணும். நான் முதல்ல. அப்புறம் போலீஸ், அப்புறம் பேஸ். கப்பல் கடைசியில. அதுதான் அசத்தல்."

"நமக்குப் பேச்செல்லாம் வராது டீச்சர்," என்றார் கப்பல்.

"எங்ககிட்ட அளக்கிறப்போ மட்டும் வருதா?" என்று போலீஸ் சிரித்தார். "அந்தத் துறைமுகம், அந்தக் கிழவர், உங்கப்பா கடல்ல போனது, எல்லாத்தையும் சொல்லுங்க. ஜனம் அழுதுடும்."

கப்பல் ஒரு நாற்காலியின் ஆணியை இழுத்துக்கொண்டிருந்தார். அது வெகு நேரமாக வந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகளை இறக்க உதவலாம் என்று மேலே போனேன். வாசலிலேயே சண்டை கேட்டது. உள்ளே நுழைந்ததும் குரல்கள் தணிந்தன, ஆனால் நிற்கவில்லை.

"அவரும் வரட்டுமே," என்றார் அண்ணி. "நாள் பூரா இந்தச் சுவரையே பாத்துக்கிட்டு இருக்காரு."

"மழையா இருக்கு," என்றார் கப்பல், கொட்டின் வாரை இறுக்கிக்கொண்டு.

"குடை இருக்கு."

"அங்க படி நிறைய. விழுந்து வெச்சா யாரு பாக்கறது?"

பெரியவர் சோபாவில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டார். "விழுந்தா யாரு பாக்கறதா? காசு குடுத்து வந்து பாத்தாங்கடா..."

சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தார். அந்த 'டா'வைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? நான் ஜன்னலுக்கு வெளியே மழையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். கப்பலின் காது மடல் சிவந்துபோயிருந்தது.

"நான் வீட்டிலேயே இருக்கேன்மா," என்றார் பெரியவர். "பாட்டுதானே, ஒருநாள் பட்டறை வரைக்கும் நடந்து வந்து வாசல்ல நின்னு கேட்டிருக்கேன். மத்தவங்க வாசிக்கிறாங்க, இவர் மட்டும் எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்காரு. நல்லா வாசிக்கிறாரு."

மகனை 'இவர்' என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கப்பல் கொட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் சிம்பலோடு போகும்போது, எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல எனக்கே கூச்சமாக இருந்தது.

மண்டபம் நிறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் மழைக்கு ஒதுங்கினவர்களையும் சேர்த்தால் நல்ல கூட்டம். மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு வாசல். அங்கிருந்து நாலைந்து படி இறங்கினால் முன்வரிசை. எல்லாரும் குடையை உதறிவிட்டு அந்த வழியாகத்தான் வந்தார்கள், படியெல்லாம் ஒரே ஈரம். இரண்டு பாட்டு வாசித்தோம். பிறகு டீச்சர் ஸ்கேல் கதையைச் சொன்னார், ஜனம் சிரித்தது. போலீஸ் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நடக்காமல் ஊதுவது தனக்கு எவ்வளவு கஷ்டம் என்றார், அதற்கும் சிரித்தது. நான் பிரார்த்தனைக் கூடம் என்றேன், யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை, வழக்கம்தான்.

கப்பல் மைக்கைப் பிடித்தார்.

"நான் சின்ன வயசுல கப்பல்ல போனவன்," என்று ஆரம்பித்தார். குரல் அவருடையதாகவே இல்லை. துறைமுகம் வந்தது. மூட்டை தூக்குகிற கிழவர் வந்தார். மரப்பெட்டி வந்தது. அப்போது பக்கத்து வாசல் திறந்து, அண்ணி பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பெரியவர் தொப்பியைக் கழற்றி உதறிப் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்றார். கப்பலின் கண் அந்தப் பக்கம் ஒரு தடவை போய் வந்தது போலிருந்தது. முகத்தில் நேராக விளக்கு. ஒன்றும் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எங்கப்பா கப்பல் தச்சரு," என்றார் கப்பல். "எனக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடியே கடல்ல போயிட்டாரு. அவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை."

ஜனம் உருகிப்போய்க் கைதட்டியது. பெரியவரும் குடையை இடுக்கிக்கொண்டு கைதட்டினார். அண்ணி தட்டவில்லை.

அடுத்த பாட்டு வேகமான பாட்டு. அண்ணி முன்வரிசையில் இடம் இருப்பதைப் பார்த்து முதலில் இறங்கிப் போய் ஈர நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் வாசலிலேயே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மௌனம் விடுகிற இடம் வந்தது. டீச்சர் கையைத் தூக்கினார், எல்லாரும் நிறுத்தினோம். மண்டபமே மூச்சை அடக்கியது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார், பெரியவர் முதல் படியில் காலை வைத்தார்.

கால் வழுக்கியது. கப்பலின் குச்சிகள் கொட்டின் மேல் உருட்டி அடித்தன. பெரியவர் இரண்டு கையையும் காற்றில் வீசி, தொப்பி தனியே பறக்க, படிபடியாக வந்து தரையில் உட்கார்ந்தார். டும்-ஷ்ஷ்.

மண்டபம் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு எங்கள் எந்தக் கச்சேரியிலும் கிடைத்ததில்லை. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார், போலீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடிவயிற்றில் இருந்து எனக்கும் சிரிப்பு கிளம்பியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அடி அப்படிப்பட்டது, கேட்டவன் சிரித்தே ஆக வேண்டும். பெரியவர் தரையில் உட்கார்ந்தபடி கூட்டத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இடது கையால் தொப்பியை எடுத்துத் தலைக்குப் பக்கத்தில் காற்றில் வைத்தார், அது விழுந்தது. மறுபடி வைத்தார், விழுந்தது. மூன்றாம் தடவை வைத்துக்கொண்டு எழுந்து குனிந்து வணக்கம் சொன்னார். கைதட்டல் ஓயவில்லை. அவர் வலது கை மட்டும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணி. இன்னொருவர் கொட்டுக்குப் பின்னால் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் மறுபடி பாட்டை எடுத்தார். கப்பல் குனிந்த தலை நிமிராமல் வாசித்தார். அதுவரை அவர் யாரையும் பார்க்காமல் வாசித்து நான் கண்டதில்லை. அதற்குள் அண்ணி பெரியவரை அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாட்டு முடிந்ததும் டீச்சர் மைக்கை எடுத்தார்.

"சொல்லவே இல்லையே கப்பல்! எங்களுக்கே தெரியாம ஒத்திகையா? யாரு அந்தப் பெரியவரு?"

மைக்கை அவர் வாயருகே நீட்டினார். கப்பல் எச்சில் விழுங்குவது மண்டபம் முழுக்கக் கேட்டது. சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லுங்கண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வீட்டுக்காரியோட பெரியப்பா," என்றார்.

"இப்படி ஒரு டைமிங் எங்க இருந்து வந்துச்சு?"

"கப்பல்ல பழகினது."

மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஆஸ்பத்திரி. கச்சேரி முடிந்து நாங்கள் நாலு பேரும் கோட்டு சூட்டோடு நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது, பெரியவர் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. அப்போதுதான் மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். நர்ஸ் கப்பலைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

கப்பல் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். "மருமகன் முறை. என் தம்பி மக புருஷன்." சொல்லிவிட்டு டீச்சரையும் போலீஸையும் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பது போலச் சிரித்தார்.

"மகன்," என்றார் அண்ணி. தாழ்வாரத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "இவர் பெத்த மகன். எழுதிக்கோங்க. தம்பியும் இல்லை, தம்பி மகளும் இல்லை. இருவது வருஷம் இவரை வெச்சு ஊரைச் சிரிக்க வெச்சுப் பிழைச்சாச்சு. இன்னைக்கும் அதேதான். ஆனா அப்பான்னு சொல்ல மட்டும் நாக்கு வராது."

நர்ஸுக்கு எத்தனையோ வேலை, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். டீச்சர், "கடல்ல போயிட்டார்னு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். போலீஸ் தன் ட்ரம்பெட் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடினார். கப்பல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சட்டையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் அவ்வளவு சிறுத்துப்போவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒரு பாவம்தான், ஆனால் போகவும் கால் வரவில்லை.

"ஏம்மா அவனைத் திட்டுற?" என்றார் பெரியவர். இப்போது 'அவன்' என்றார். "மேடையில லைட்டு நேரா கண்ணுல அடிக்கும். கீழ யாரு நிக்கறா, யாரு இல்லைன்னு ஒண்ணும் தெரியாது. நான் நிக்காத லைட்டா? நான் வந்ததே அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருப்பானா? சொல்லு."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் அதைப் பேச்சை மாற்றுவதற்கு நல்ல இடம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஆனா அடி எப்படி விழுந்துச்சு பாத்தியாம்மா! கால் வழுக்கினதும் உருட்டு, உக்காந்ததும் டும். இம்மி பிசகலை. சத்தம் கேட்டு அடிக்கிறவனுக்கு எப்பவும் அடி பின்னாலதான் வரும். ஆளையே பாத்துக்கிட்டு இருக்கறவன்தான் அப்படி..."

பேச்சை நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

கப்பல் தலையாட்டினார். "உள்ள வந்ததுல இருந்து."

பெரியவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த பூட்ஸில் ஒரு லேஸ் அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"அப்போ ஒரு குரல் குடுத்திருக்கலாமேடா," என்றார் கடைசியில். "கையை ஊனாம விழுந்திருப்பேனே."

கப்பல் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். லேஸைக் கையில் எடுத்தார், ஆனால் கட்டவில்லை.

"குரல் வந்துச்சு," என்றார். "வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பான்னுதான் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். கை கேக்கலைப்பா."

பெரியவர் லேஸ் கட்ட வாகாகக் காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.